வலப்பக்கச் சுக்கான்

1

வாசகரே, உங்களை நடுவராக அழைக்கவில்லை. நடுவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பாடசாலைக் காலத்தில் அவர்கள் முன்னால் நின்று பேசியே வளர்ந்தவன் நான். உங்களைச் சாட்சியாகவே அழைக்கிறேன். சாட்சி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

நீங்கள் ஊரில் இருந்து இதைப் படிக்கிறீர்கள். உங்கள் வீதிகளில் வாகனங்கள் இடப்பக்கமாகப் போகின்றன. ஓட்டுபவர் வலப்பக்கம் அமர்கிறார். நான் இருக்கும் பிரான்சில் இரண்டும் மறுபுறம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனெனில் நான் சொல்லப்போகும் பிழையை இந்த நாட்டில் பிறந்தவர் செய்திருக்கமாட்டார். நீங்கள் செய்திருப்பீர்கள், அதைச் செய்கிறோம் என்று அறியாமலும் இருந்திருப்பீர்கள்.

அக்காவின் மகள் ஆரணி என்னோடு மறுபடி பேசுவாளா என்பதுதான் எனது கேள்வி. கார் இடையில் வந்தது.

2

போர் முடிந்த மறு ஆண்டில் பாரிசுக்கு வந்தேன். அகதி விண்ணப்ப விசாரணையில் எனக்கும் அதிகாரிக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். விவாத அணித் தலைவனாக இருந்தவன் அல்லவா? என் வாழ்வின் மிகப் பெரிய மேடை அதுதான் என்று எண்ணி, எதுகை மோனையோடு, அடுக்கி அடுக்கிப் பேசினேன். நான் மூச்சு வாங்கிய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் ஒரே ஒரு சின்ன வசனம் சொன்னார். அதிகாரி அதைத் தட்டச்சு செய்தார். என் பேச்சு முழுவதும் அந்தச் சின்ன வசனத்துக்குள் எங்கே ஒளிந்துகொண்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வதிவிட அட்டை கிடைத்தது. ஆனால் அன்றைக்கே பிரெஞ்சின்மேல் எனக்கு ஒரு கறுவம் விழுந்துவிட்டது. கற்றுக்கொண்டேன், வேலைக்கும் கடிதங்களுக்கும் அதைப் பயன்படுத்தினேன். வீட்டுக்குள் அதைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவைத்தேன். லா சப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில் உள்ள கைத்தொலைபேசிக் கடையில் வேலை. சனி ஞாயிறுகளில் தமிழ் விழா மேடைகள். “தாய்மொழி” என்று தொடங்கினால் மண்டபம் அமைதியாகும் அளவுக்கு எனக்குப் பெயர் இருந்தது.

நான் அக்காவின் வீட்டில்தான் இருக்கிறேன். அந்த வீட்டிலேயே, மண்டபங்களை அமைதியாக்கிய என்னால் ஒரு பிள்ளையைத் தமிழில் பேசவைக்க முடியவில்லை. நான் வந்த நாளில் என் தோளில் ஏறியிருந்து “மாமா, குதிரை ஓடு” என்று கத்திய ஆரணி, பதினாலு வயதில் எல்லாக் கேள்விக்கும் பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கினாள். அக்கா தமிழில் கேட்பாள், மகள் பிரெஞ்சில் சொல்வாள், இருவருக்கும் விளங்கும். எனக்கும் விளங்கும். ஆனாலும் நான் ஒரு விதி செய்தேன். அவள் பிரெஞ்சில் எது சொன்னாலும் ஒரே பதில்:

“தமிழிலை சொல்லு, கேக்கிறன்.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். விதி நின்றது, பேச்சு நின்றுபோனது.

3

ஒரு நாள் சமையலறை மேசையில் அவள் தன் கைபேசியில் ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஜப்பானியக் கார் ஒன்று மலைப்பாதையின் வளைவுகளில் ஏறியது. ஸ்ரேரிங் என்று நாங்கள் சொல்லும் சுக்கான் வலப்பக்கம் இருந்தது. என்னையறியாமல் நின்றுவிட்டேன். ஊரில் அப்பா வாடகைக்கு ஓடிய வானும் ஜப்பானில் இருந்து வந்ததுதான். அந்த வலப்பக்க இருக்கையில்தான் நான் ஓடப் பழகினேன்.

“உது என்ன சத்தம்? சீட்டியடிக்கிற மாதிரி?” என்றேன்.

அவள் பிரெஞ்சில் தொடங்கினாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.

“அது ரேர்போ மாமா. வெளியிலை போற புகை இருக்கெல்லோ... அதைப் பிடிச்சு, அதாலையே ஒரு காத்தாடியைச் சுத்தி, காத்தை எஞ்சினுக்குள்ளை திருப்பித் தள்ளுறது. வீணாப் போறதை வேலைக்கு எடுக்கிறது.”

எந்தக் கேடயம் வாங்கியபோதும் எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் உருவானது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் காரைப் பற்றித் தமிழில் மட்டும் பேசுவோம். அவள் சொற்களைத் தேடுவாள். கிடைக்காவிட்டால் கையால் காட்டுவாள். நான் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். அத்தான் பக்கத்தில் இருந்து கிண்டலடிப்பார். அவர் பாரிசுத் தெருக்களில் வழங்கல் வான் ஓடுகிறவர்; வாகனம் என்றால் வேலை என்று மட்டும் அறிந்தவர்.

“மச்சான், உவள் உன்னைக் கொண்டுபோய் ஒரு பழைய இரும்பிலை இருத்தப் போறாள். அண்டைக்கும் ‘தமிழிலை இருத்து’ எண்டு சொல்லுவாய்.”

ஒரு கட்டத்தில் பேச்சு விளையாட்டாக இல்லாமல் போனது. வாங்குவது என்று தீர்மானித்தேன். எதை வாங்குவது என்று அவள் வாதாடினாள். நான் எதிரணியில் இருந்தேன். எனக்கு நீல நிற சுபாரு இம்ப்ரெசாவின்மேல் ஆசை. “அது வயசு காணாது மாமா,” என்றாள். ஜப்பானில் இருந்து நேரே வந்த காருக்கு இங்கே பதிவுப் பத்திரம் எடுப்பது பெரும்பாடு. விளக்கில் இருந்து புகைவரை எல்லாவற்றையும் பரிசோதனைக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும். முப்பது வயது தாண்டிவிட்டால் அது சேகரிப்பு வாகனம், வழி இலகு. மஸ்டா ஒன்றும் பார்த்தோம். அதன் எஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்று அவளே தள்ளிவிட்டாள். கடைசியில் நின்றது நிசான் ஸ்கைலைன்: சாம்பல் நிறம், ஆறு சிலிண்டர், ரேர்போ, இரண்டு கதவு. கிட்டத்தட்ட என் வயது.

பழையதானால் பத்திரம் இலகு என்ற சட்டம் இந்த நாட்டில் கார்களுக்கு மட்டும் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் எவ்வளவு பழையவர்களானாலும் வரிசை அதேதான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. “வலப்பக்கம் ஸ்ரேரிங் வைச்ச காரை இஞ்சை என்னண்டு ஓடப் போறாய் தம்பி?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு பேச்சே நிகழ்த்தினேன். இந்த நாட்டுக் கார்களில் நாங்கள் எதிராளியின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம் என்றேன். வலப்பக்கமே எங்கள் கை அறிந்த பக்கம். அங்கே அமர்ந்தால் உடம்பு தன் வீட்டுக்குத் திரும்பும் என்றேன். அத்தான் கைதட்டினார். அக்கா தட்டவில்லை.

வாசகரே, என் பேச்சின் கடைசி வசனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது.

4

விற்பவரின் பெயர் செபஸ்தியான். பாரிசுக்குக் கிழக்கே, பண்டகசாலைகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு முற்றம் வைத்து, ஜப்பானியக் கார்களைத் தருவித்து விற்கும் பிரெஞ்சுக்காரர். ஒரு சனிக்கிழமை முற்பகல் அத்தானின் வானில் அவரும் ஆரணியும் நானுமாக மூவரும் போனோம். பிடித்துப்போனால் அன்றைக்கே முற்பணம் கொடுப்பது ஏற்பாடு. அக்கா ஒரு பையில் தேசிக்காய்கள் தந்துவிட்டாள். “வாங்கினால் அங்கேயே சில்லுக்குக் கீழை வைச்சு நசிச்சுப்போட்டு எடுங்கோ. கோயில் பூசை பேந்து செய்யலாம்.”

ஆரணி அந்த முற்றத்தில் நடந்துகொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காரை ரசிக்கவில்லை. நேரே போய் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள்.

“குளிர்ந்து கிடக்கு மாமா. நல்லது. சூடா இருந்தால் நாங்கள் வரமுதலே ஸ்ராட் பண்ணி வைச்சிருப்பினம். குளிரிலை எடுக்கேக்கைதான் எஞ்சின்ரை வருத்தம் தெரியும்.”

பிறகு பையில் இருந்து ஒரு பொருளை எடுத்தாள். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையார்! ஒரு துணியைச் சுற்றி, காரின் உடம்பு முழுவதும் அவரை நகர்த்திக்கொண்டு போனாள். பின்சில்லுக்கு மேலே உள்ள வளைவில் பிள்ளையார் பிடி விட்டு விழுந்தார்.

“ஐயோ, பிள்ளையார் விழுந்திட்டார். சகுனம் சரியில்லை,” என்றார் அத்தான்.

“சகுனம் இல்லை அப்பா. அதிலை இரும்பு இல்லை.”

அத்தான் குனிந்து தட்டிப் பார்த்தார். “ஓமடி. துருவை வெட்டிப்போட்டுப் பட்டி பூசி மூடியிருக்கிறாங்கள்.”

செபஸ்தியான் மறைக்கவில்லை. அந்த இடம் திருத்தப்பட்டது என்று ஒத்துக்கொண்டு, அதற்கேற்ப விலையையும் தளர்த்தினார். பிள்ளையாரைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். ஓடிப் பார்ப்பதற்குப் பிணையாக என் வதிவிட அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். அந்த அட்டை என் சட்டைப்பையில் இல்லாதபோது எனக்கு எப்போதும் இடப்பக்க நெஞ்சு வெறுமையாகத் தோன்றும்; அன்றும் தோன்றியது.

“இந்தப் பிள்ளை முன்னால் இருக்கட்டும்,” என்றார் அவர் பிரெஞ்சில். “இந்தக் காரில் இடப்பக்கம் இருப்பவர்தான் உங்கள் கண். முந்துவதானால் அவர் சொல்ல வேண்டும்.”

நான் தலையசைத்தேன். எனக்குக் கண் தேவையில்லை என்று மனம் சொன்னது.

5

வலப்பக்க இருக்கையில் அமர்ந்தேன். இடக்கை தானாகப் போய்க் கியரில் விழுந்தது. அத்தனை ஆண்டுகளாக வேறொரு கதவுக்குச் சாவி தேடிய கை, தன் கதவைக் கண்டதுபோல் இருந்தது. எஞ்சின் உறுமியது. ஆரணி முன்னால் குனிந்து ரேர்போவின் அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் பின்னால் மடங்கி இருந்தார். பக்கத்தில் தேசிக்காய்ப் பை.

வாசலில் இருந்து இடப்புறம் திரும்பினேன். வீதியில் நடுக்கோடு இல்லை. ஒரு வாகனமும் இல்லை. பண்டகசாலைச் சுவர் முடிந்ததும் வேலிச்செடி தொடங்கியது. கொஞ்சத் தூரத்தில் வளைவு. காரின் ஓட்டத்தில் எந்தப் பிசகும் எனக்குத் தெரியவில்லை. வீதி என் பார்வைக்கு வலப்புறம் விரிந்திருந்தது, என்றைக்கும் விரிந்திருக்க வேண்டியதுபோல.

“எப்பிடி அத்தான்?”

“ஊரிலை போற மாதிரிக் கிடக்கடா மச்சான்,” என்றார் அவர். அவர் குரலில் அப்படியொரு நிறைவை நான் முன்பு கேட்டதில்லை. “சத்தியமா, ஊரிலை போற மாதிரி.”

ஊரில் போவது போலத்தான் போய்க்கொண்டிருந்தோம். வீதியின் இடப்பக்கத்தில்.

ஆரணி நிமிர்ந்தாள். அவள் அந்த ஆண்டுதான் வாகனப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, அத்தானைப் பக்கத்தில் இருத்தி ஓடப் பழகுகிறவள். இடப்பக்க இருக்கையில் இருந்தால் வீதியின் நடுப்பகுதி முழங்கைக்கு அருகே தெரிய வேண்டும் என்பது அவள் அறிவு. அவள் முழங்கைக்கு அருகே தெரிந்தது வேலிச்செடி.

பிரெஞ்சில் சொன்னாள்: “வலப்பக்கம், மாமா. நாங்கள் பிழையான பக்கத்தில் போகிறோம்.”

வாசகரே, அந்த வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் பொருள் வந்து சேருமுன் மொழி வந்து சேர்ந்துவிட்டது. அது பிரெஞ்சு. காருக்குள் பிரெஞ்சு. மூன்று ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய பதில் என் வாயில் தயாராக இருந்தது.

“தமிழிலை சொல்லு, கேக்கிறன்.”

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் இன்னும் உரத்து, மீண்டும் பிரெஞ்சில் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். வளைவு நெருங்கியது.

பிறகு ஒரு மௌனம் வந்தது. அவள் சொல்லைத் தேடுகிறாள் என்று பெருமையோடு காத்திருந்தேன். உண்மையில் தேடித்தான் இருக்கிறாள். பிறகு கேட்டபோது அத்தான்தான் சொன்னார், அவள் உதடுகள் அசைந்ததைக் கண்ணாடியில் கண்டாராம். ரேர்போவுக்கும் கிளச்சுக்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் தமிழ் சொல்லிக்கொடுத்த நான், உயிர் போகும் நேரத்தில் கத்துவதற்கு அவளுக்கு ஒரு சொல்லும் கொடுத்திருக்கவில்லை.

வளைவில் லொறியின் முகம் தோன்றியது. எங்கள் முன்னால். எங்கள் பாதையில். இல்லை, அதன் பாதையில்.

அவள் தேடுவதை விட்டாள். இரண்டு கையாலும் சுக்கானைப் பற்றித் தன்னிடமிருந்து அப்பால் தள்ளினாள். கார் வலப்புறம் பாய்ந்தது. நான் அப்போதுதான் பிறேக்கை மிதித்தேன். லொறியின் குழல் எங்கள் காதுக்குள்ளேயே ஊதுவதுபோல் கடந்து போனது. காற்று காரைக் குலுக்கியது. எதிர்க்கரைப் புல்லில் ஏறிச் சாய்ந்து நின்றோம்.

எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் பை அவிழ்ந்து, ஒரு தேசிக்காய் இருக்கைகளுக்கு இடையால் உருண்டு வந்து ஆரணியின் காலடியில் தங்கியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் பேசியது அவள்தான். தமிழில் பேசினாள்.

“வந்தது லொறி மாமா. அதுக்குத் தமிழ் என்ன?”

எனக்குத் தெரியும். பாரவூர்தி. மேடையில் பலமுறை அழுத்தம் திருத்தமாக உச்சரித்த சொல். அதைச் சொல்லாமல் சாவியைத் திருப்பி எடுத்தேன்.

அத்தான் இறங்கிக் கரையில் குந்தினார். “நானும் பாக்கேல்லை,” என்றார். “இத்தனை வருசம் இந்த றோட்டுகளிலை ஓடுறன். நானும் பாக்கேல்லையடா.” எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, தன்னைத்தானே கேட்டாரா என்று தெரியவில்லை.

திரும்பி ஓட அவரால் முடியவில்லை. நான்தான் ஓடினேன். ஆரணி ஒவ்வொரு திருப்பத்திலும் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னாள். சொன்ன சொல்லுக்கு வாகனம் போனது. முற்றத்துக்குள் நின்றபின் கதவைத் திறந்து இறங்கியவள், அதன்பிறகு என்னோடு எதுவும் பேசவில்லை.

6

வாங்கினேன். ஏன் என்று கேட்பீர்கள். கார் ஒரு பிழையும் செய்யவில்லை. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குப் போக விரும்பவில்லை. செபஸ்தியான் அட்டையைத் திருப்பித் தந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். தேசிக்காய் நசிக்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. பத்திரம் வரும்வரை கார் அவர் முற்றத்திலேயே நிற்பது என்று முடிவானது.

பத்திரத்துக்காகக் காத்திருந்த வாரங்கள் விசித்திரமானவை. இணையத்தில் விண்ணப்பித்தோம், ஒரு பக்கம் தெளிவில்லை என்று திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினோம். இதெல்லாம் எனக்குப் பழக்கம். பழக்கமில்லாதது சமையலறை மேசை. ஆரணி சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவினாள், போனாள். முன்பு பிரெஞ்சில் சொன்னதையும் இப்போது சொல்லவில்லை. அக்காவுக்கு நாங்கள் யாரும் எதையும் சொல்லவில்லை, “உங்கள் இரண்டு பேருக்கும் என்ன?” என்று அவள் கேட்டபோது அத்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

ஒரு இரவு அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று, மன்னிப்புக்காக ஒரு வசனம் கட்டிப் பார்த்தேன். முன்னுரை வந்தது. உவமை வந்தது. எனக்கே வெட்கமாகி, திரும்பிவிட்டேன்.

7

சென்ற ஞாயிறு லா சப்பலில், கோயில் வாசலில் வாகன பூசை. கார் தெருவோரம் நின்றது. மூடியில் சந்தனம், கண்ணாடியில் மாலை, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய். பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனேயில் நகை வாங்க வந்தவர்களும் மரக்கறிப் பைகளோடு போனவர்களும் கூடிவிட்டார்கள். நான் வேலை செய்யும் கடைக்கார அண்ணையும் வந்திருந்தார்.

“என்னடா பேச்சாளர், காரும் தமிழ் கதைக்குமோ?”

“கதைக்காட்டி உவன் பெற்றோல் அடிக்கமாட்டான்,” என்றார் வேறொருவர். சிரிப்பு எழுந்தது. ஆரணி சிரிக்கவில்லை. ஆனால் அக்கா சொல்லுமுன்னரே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். வலப்பக்கம் இருப்பவனுக்கு, தெருவோரத்தில் இருந்து வெளியே எடுக்கும்போது பின்னால் வருவது தெரியாது என்பது அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

ஐயர் தீபம் காட்டி முடித்தார். “எடுங்கோ தம்பி. முன்னுக்கு எடுங்கோ.”

“எடு, எடு,” என்றது கூட்டம்.

நான் எடுக்கவில்லை. ஆரணியைப் பார்த்தேன். அவள் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தாள். பின்னால் வந்த வாகனங்களின் குழல்கள் பொறுமையிழந்து அடித்தன. பேருந்து ஒன்று உரசிக்கொண்டு போனது. அதன் பின்னால் மோட்டார்ச் சைக்கிள்கள்.

“நல்ல நேரம் போகுது தம்பி!” என்று அக்கா கத்தினாள்.

நான் காத்திருந்தேன். ஆரணி தலையை உள்ளே எடுத்தாள். என் கால் பிறேக்கில் இருப்பதைக் கண்டாள். அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பொறுக்கும்படி பிரெஞ்சில் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பின் அவள் என்னிடம் சொன்ன முதற்சொல் அது.

கட்டிவைத்திருந்த முன்னுரையும் உவமையும் அப்போது எனக்கு நினைவில் வரவில்லை. ஒரு வசனம் மட்டும் வந்தது. அதைப் பிரெஞ்சில் சொன்னேன். கண்ணாடிகள் இறங்கியிருந்தன, குரலைத் தாழ்த்தத் தெரியாதவன் நான், தெரு முழுக்கக் கேட்டது. என் உச்சரிப்புக்கு யாரோ சிரித்தார்கள். அத்தான் மாத்திரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைக்கார அண்ணை சன்னலுக்குள் குனிந்தார். “எட, நீயே பிரெஞ்சிலை பேசுறாய்? என்ன சொன்னனி? எங்களுக்கும் சொல்லன்.”

சாட்சிகள் கேட்டார்கள், சொன்னேன்.

“ஆரணி, நீ எந்தப் பாசையிலை கத்தினாலும் நான் முதல்லை பிறேக் பிடிப்பன். பேந்துதான் கதைப்பன்.”